வாவிக்கரையில் கபிரிஞ்ஞா பிறந்த கதை

தகிட தகிட என்று வாயால் சொல்லுங்கள். ஆறு மாத்திரை. ஒவ்வொரு ‘த’வுக்கும் இடது கையால் தொடையில் ஒரு தட்டுத் தட்டினால் ஆறுக்கு இரண்டு தட்டு வரும். இப்போது அதே ஆறு மாத்திரைக்குள் வலது கையால் தக தக தக என்று மூன்று தட்டுத் தட்டிப் பாருங்கள். முதல் தட்டில் இரண்டு கையும் சேரும், உடனே பிரியும், சுற்றி வந்து மறுபடியும் சேரும். நடுவில் ஓர் இழுபறி. ஐரோப்பியக் கலப்பில் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியரின் கபிரிஞ்ஞா ஆட்டத்துக்கு அந்த இழுபறிதான் உயிர். கலியாண வீட்டில் மூலையில் இருக்கும் அம்மம்மாவையும் கதிரையை விட்டு எழுப்பிவிடும் அடி அது.

தாண்டவன்வெளியிலோ பனிச்சையடியிலோ பறங்கியர் வீட்டுக் கலியாணம் ஒன்றுக்குப் போனால் இதைக் காணலாம். வயலின் முன்னுக்குப் போகும். கூடவே வயோலாவோ மண்டலினோ கிட்டாரோ சேரும். ரபான் மேளத்தின் அடி கீழே நிற்கும். ஆணும் பெண்ணும் சோடி சோடியாக நின்று ஆடுவார்கள். பாட்டு, தமிழும் இல்லாத, லிஸ்பனில் பேசும் போர்த்துக்கேயமும் இல்லாத, அவர்கள் வீட்டு மொழியில் வரும். போர்த்துக்கேயச் சொற்கள் இந்த மண்ணின் வாக்கிய அமைப்புக்குள் வந்து குடியேறிய கிரியோல் மொழி அது. நாலு நாலு வரியாகப் பாட்டு, பெரும்பாலும் காதல், சீண்டல், ஒருவர் பாட மற்றவர் மறுத்துப் பாடுவது. வீட்டுக்கு வெளியே வந்தால் அதே ஆட்கள் நல்ல மட்டக்களப்புத் தமிழ் பேசுவார்கள். தச்சு, இரும்பு வேலை, தையல், மோட்டார் திருத்தம் என்று தலைமுறை தலைமுறையாகக் கைத்தொழிலில் பெயரெடுத்த சமூகம்.

இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ‘போர்த்துக்கேயர் கொண்டுவந்தது’ என்ற பதில் உடனே வரும். பாடப்புத்தகம் படித்தவரும் அதைத்தான் சொல்வார், படிக்காதவரும் அதைத்தான் சொல்வார். அதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதி பெயரிலேயே கிடக்கிறது. போர்த்துக்கேயர் ஆபிரிக்க மக்களைக் காபிரி என்றார்கள். கபிரிஞ்ஞா அந்தக் காபிரிகளுடைய ஆட்டம். அந்த ஆபிரிக்கர் யார், யார் கொண்டுவந்தார்கள், எங்கே போனார்கள் என்ற கேள்வி மட்டும் நம் ஊரில் அதிகம் எழுவதில்லை. எழ வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆபிரிக்கர் இலங்கையில் முதன்முதலில் கால்வைத்தது ஐரோப்பியக் கப்பலிலிருந்து இல்லை. 1344-இல் இபின் பதூதா கொழும்புக்கு வந்தபோது, அந்தக் கடலுக்கு அதிபதியாக இருந்த ஜலஸ்தி என்பவரிடம் ஏறத்தாழ 500 அபிசீனியர் இருந்ததாக எழுதியிருக்கிறார். ஆனால் விலைக்கு வாங்கி, பிடித்து, கூட்டங்கூட்டமாக ஏற்றி இறக்கியது போர்த்துக்கேயர் காலத்தில்தான். மொசாம்பிக் கரையில் பிடிபட்டவர்கள் கோவாச் சந்தைக்கு வந்தார்கள். கோவாவிலிருந்து கொழும்புக்கு வந்தார்கள். படையாளாக, சுமைகாரராக, சமையல்காரராக, ஆயாவாக, கோட்டை கட்டும் கூலியாக. அத்திலாந்திக் கடலில் நடந்த அடிமை வணிகத்தை உலகம் அறியும். அதற்குப் படம் உண்டு, நாவல் உண்டு, நினைவிடம் உண்டு. இந்து சமுத்திரத்தில் நடந்ததற்கு இவை மிகக் குறைவு.

மட்டக்களப்பு இந்த வணிகத்தின் ஓரத்தில் கிடந்த ஊர் என்று நினைப்பது தவறு. 1602-இல் ஒல்லாந்த மாலுமி யோரிஸ் வன் ஸ்பில்பேர்கன் கரைக்கு வந்தது இங்கேதான். கண்டி மன்னனைக் காண அவர் புறப்பட்டதும் இங்கிருந்துதான். 1628-இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, வாவிக்குள் கிடக்கும் புளியந்தீவில் கோட்டை கட்டத் தொடங்கினார். கண்டிக்குக் கிழக்குக் கடல்வாசலை அடைப்பதுதான் நோக்கம். பத்தே வருடத்தில், 1638 மே 18-இல், ஒல்லாந்த அட்மிரல் வெஸ்ற்றர்வோல்ட்டும் இரண்டாம் இராஜசிங்கனும் சேர்ந்து அந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். ஐந்து நாள் கழித்து, மே 23-இல், மட்டக்களப்பிலேயே ஒப்பந்தம் கையெழுத்தானது. போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தர் உதவுவார்கள். செலவை மன்னன் கறுவாவும் மிளகுமாகக் கொடுப்பார். வணிகம் ஒல்லாந்தர் கைக்குப் போகும். பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிற்பது மன்னன் விரும்பினால் மட்டும் என்ற வாசகம் ஒரு பிரதியில் இருந்தது, ஒல்லாந்தப் பிரதியில் இல்லை. இலங்கையின் வெளிநாட்டு உறவு வரலாற்றில் இவ்வளவு விலைகொடுத்த விடுபாடு வேறு இருக்குமோ தெரியாது.

மன்னர்கள், அட்மிரல்கள், கொம்பனிகள் இப்படிக் கைமாற்றிக்கொண்ட பொருள்களில் கறுவா இருந்தது, யானை இருந்தது, மனிதரும் இருந்தார்கள். போர்த்துக்கேயர் தோற்றபோது வசதியுள்ளவர்கள் கப்பலேறினார்கள். ஏழைப் போர்த்துக்கேயருக்கும், உள்ளூர்ப் பெண்களைக் கட்டிப் பிள்ளைகுட்டி பெற்றவர்களுக்கும், அடிமைகளுக்கும் போக இடம் இல்லை. அவர்களிடம் எஞ்சியது ஒரு மொழியும் ஒரு மதமும் ஒரு தாளமும்தான். ஒல்லாந்தர் அந்த மொழியையும் விட்டுவைக்க விரும்பவில்லை. ஒல்லாந்த மொழி பேசத் தெரியாத அடிமைகளின் தலையை மழிக்க வேண்டும், தொப்பி போட விடக்கூடாது என்று 1659-இல் கொழும்பில் கட்டளை போட்டார்கள். கட்டளை தோற்றது. ஒல்லாந்தரின் வீடுகளுக்குள்ளேயே, அவர்களின் பிள்ளைகளை வளர்த்த அடிமைப் பெண்களின் வாயால், போர்த்துக்கேயக் கிரியோல் ஒல்லாந்தக் குழந்தைகளுக்குப் போனது. 1796-இல் பிரித்தானியர் வந்தபோது ஒல்லாந்த மொழி ஒதுங்கியது. கிரியோல் ஒதுங்கவில்லை. அதை வாழவைத்தவர்கள் ஆளும் இனத்தார் இல்லை. அவர்களுடைய அடுக்களையில் நின்றவர்கள்.

பிரித்தானியரும் ஆபிரிக்கரை வாங்கினார்கள். ஆளுநர் பிரெடரிக் நோர்த் காலத்தில் கோவாச் சந்தையில் ஆள் வாங்கிப் படை அமைத்தார்கள். மூன்றாவது இலங்கைப் படைப்பிரிவு ஆபிரிக்கப் படைப்பிரிவாகவே பேசப்பட்டது. கண்டி மன்னனோடு நடந்த சண்டைகளில் காட்டுப்பாதைகளில் முன்னே விடப்பட்டவர்கள் அவர்கள். யாரோ இரண்டு அரசுகளின் சண்டை. அதில் செத்தவன் எந்த ஊரான் என்று எழுதி வைக்கவும் ஆளில்லை. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844-இல். படை கலைந்த பின் ஒரு பகுதியினர் புத்தளத்தில் குடியமர்ந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே சிறாம்பியடியில் இருக்கிறார்கள். கிழக்கில், மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும், ஆபிரிக்கர் பறங்கியரோடு கலியாணம் கட்டி அந்தச் சமூகத்துக்குள்ளேயே கலந்தார்கள்.

கபிரிஞ்ஞா பிறந்தது இந்தக் கலப்பில்தான். எந்த வருடம், எந்த வீட்டில் என்று கேட்கக்கூடிய பிறப்பு இல்லை இது. பிறந்த விதத்தைச் சொல்லலாம். மொசாம்பிக் பக்கமிருந்து வந்தவர்களும் ஒரே இனத்தார் இல்லை. ஊர் வேறு, மொழி வேறு. ஒருவரோடொருவர் பேசவே எசமானின் மொழியை உடைத்து வளைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதே போலத்தான் இசையும். வயலின் எசமான் வீட்டுச் சாமான். நாலுவரிப் பாட்டு போர்த்துக்கலிலிருந்து வந்த வடிவம். ஆறு மாத்திரைக்குள் இரண்டும் மூன்றும் மோதும் அடி போர்த்துக்கலுக்கும் ஸ்பானியாவுக்கும் தெரியாததும் இல்லை. ஆனால் கிழக்கு ஆபிரிக்கக் கரையிலிருந்து வந்த மனிதருக்கு அது தாயிடமிருந்து வந்தது. இரண்டு கையும் இரண்டு கணக்கில் போவது அவர்கள் இசையின் இயல்பு. எசமானின் வாத்தியத்தை எடுத்து அதற்கு அடியில் தங்கள் அடியைப் போட்டார்கள். கோவில் பெருநாளும் கலியாணமும்தான் அவர்களுக்குக் கிடைத்த ஓய்வு. அந்த நாள்களில் ஆடினார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் ஆடத் தொடங்கினார்கள். எசமானின் பேரப்பிள்ளையும் அடிமையின் பேரப்பிள்ளையும் ஒரே வீட்டில் பிறந்த பிறகு, ஆட்டம் இருவருக்கும் பொதுவாகிவிட்டது.

இது வெறும் ஊகம் என்று தள்ளிவிட முடியாது. கிழக்கு மாகாணத்தில் பணியாற்றிய பிரித்தானிய அதிகாரி ஹியூ நெவில் சேர்த்துவைத்த கையெழுத்துப் பிரதிகள் பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. ஏட்டுச்சுவடிகளுக்காகப் பேர்போன தொகுப்பு அது. அதற்குள் 19-ஆம் நூற்றாண்டின் கிரியோல் பாட்டுக்களும் உண்டு. மட்டக்களப்பின் போர்த்துக்கேயப் பாட்டுக்கள் ஒரு பகுதி. காபிரிகளின் பாட்டுக்கள் இன்னொரு பகுதி. தொகுத்தவருக்கு இரண்டும் வேறு வேறு என்று தெரிந்திருக்கிறது. இலங்கையில் பிறந்து லண்டனில் ஆய்வுசெய்யும் ஷிஹான் டி சில்வா ஜயசூரிய 2001-இல் இப்பாட்டுக்களை நூலாகக் கொண்டுவந்தார். இலங்கையின் ஆபிரிக்கர் பற்றி இன்று எவர் என்ன எழுதினாலும் அவருடைய உழைப்பின் மேல் நின்றுதான் எழுதவேண்டும். அதற்கு முன்பே, 1894-இல், சி. எம். பெர்னாண்டோ றோயல் ஆசியக் கழகத்தின் கொழும்பு இதழில் இலங்கை இசை பற்றி எழுதியபோது கபிரிஞ்ஞாவைச் சுரக்குறிப்போடு அச்சில் ஏற்றியிருக்கிறார்.

இன்னொரு சாட்சி சிறாம்பியடியில் இருக்கிறது. அங்குள்ளவர்கள் பாடும் மாஞ்ஞாவில் வயலின் கிடையாது. ரபான் அல்லது டோலக், சிரட்டை, கரண்டி, கண்ணாடிப் போத்தல். இரண்டு மூன்று வரியை எடுத்துத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். மெதுவாகத் தொடங்கும். அடி இறுகும், வேகம் ஏறும், கடைசியில் எழுந்து ஆடாமல் இருக்க முடியாத இடத்துக்குப் போய் நிற்கும். வீட்டில் பேசுவது இப்போது சிங்களம். கிரியோல் பாட்டில் மட்டும் தங்கியிருக்கிறது. பாட்டின் சொற்களுக்கு முழுப் பொருள் தெரியாமலே பாடுகிறவர்கள் உண்டு. மட்டக்களப்புக் கபிரிஞ்ஞாவிலிருந்து வயலினையும் நாலுவரிப் பாட்டையும் கழித்துவிட்டுக் கேட்டால் எஞ்சும் அடியும், மாஞ்ஞாவின் அடியும் உறவுக்காரர் என்பது காதுக்குத் தெரியும்.

பிறகு அந்த ஆபிரிக்கப் பாதி ஏன் மறைந்தது? ஆபிரிக்க வேரைச் சொல்லிக்கொள்வதால் இந்த நாட்டில் எவருக்கும் எதுவும் கிடைத்ததில்லை. இழப்புத்தான் கிடைத்தது. 1908-இல் கொழும்பில் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் அமைந்தபோது தந்தைவழி ஒல்லாந்த வம்சாவளியை நிரூபிக்க வேண்டியிருந்தது. மட்டக்களப்பின் கைத்தொழிலாளப் பறங்கியருக்கு அங்கே இடமில்லை. ‘மெக்கானிக்’ என்ற சொல்லையே இளக்காரமாக அவர்கள்மேல் எறிந்தார்கள். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே மட்டக்களப்பில் தங்கி ஆய்ந்து 1982-இல் எழுதிய கட்டுரை இந்த அடுக்கை விரிவாகக் காட்டுகிறது. தோலின் நிறத்தை வைத்து மேலே உள்ளவன் கதவை மூடும்போது, கீழே உள்ளவன் தன் பாட்டியின் சுருட்டை முடியைப் பற்றிப் பேசமாட்டான். அதற்கு அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

தமிழராகிய நாமும் இதில் சுத்தமானவர்கள் இல்லை. கறுப்பாக, சுருட்டை முடியோடு ஒரு பிள்ளை வகுப்புக்கு வந்தால் காபிரி என்ற சொல்லைத் திரித்துக் ‘காப்பிலி’ என்று பட்டம் வைக்கும் பழக்கம் யாழ்ப்பாணத்திலும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு. சிறாம்பியடியில் அந்தப் பெயரைத் தங்கள் பெயராகவே தலைநிமிர்ந்து சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது வேறு, நாம் பிள்ளையின் முகத்தில் எறிவது வேறு. தென்னாபிரிக்காவில் ஒருவரைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னால் நீதிமன்றப் படி ஏறவேண்டிவரும். எங்களை இன்னொருவர் இழித்துப் பேசினால் கொதித்தெழத் தெரிந்த சமூகம் நாம். அந்தக் கொதிப்பு இந்தப் பிள்ளைக்காகவும் வரவேண்டும்.

ஆட்டம் மட்டும் ஊரைத் தாண்டி ஓடியது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் கொழும்பில் பொலிஸ்காரராக இருந்த வொலி பாஸ்டியன் கபிரிஞ்ஞா அடியை எடுத்துச் சிங்களச் சொற்களைப் போட்டுப் பைலாவை மேடைக்குக் கொண்டுவந்தார். எதிர்ப்பாட்டு மரபு வாதப் பைலாவாக வளர்ந்தது. தமிழில் நித்தி கனகரத்தினம் 1960களில் அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்த காலத்தில் ‘சின்ன மாமியே’ பாட்டைக் கட்டினார். ஏ. ஈ. மனோகரன் ‘சுராங்கனி’யைக் கடல் கடத்தினார். 1977-இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா அதை எடுத்தாண்டபோது தமிழ்நாட்டுப் பட்டிதொட்டி எல்லாம் அந்த ஆறு மாத்திரைக்கு ஆடியது. மொசாம்பிக் கரையில் பிடிபட்ட ஒருவரின் கையடி ஆண்டிபட்டித் திருவிழாவரைக்கும் போயிருக்கிறது. ஆடியவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

இலங்கை அரசு ஆபிரிக்காவைப் பற்றிப் பேசாமல் இருந்த நாடு இல்லை. 1975 ஜூன் 25-இல் மொசாம்பிக் விடுதலை பெற்றது. மறு வருடம் ஓகஸ்ட்டில் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சிமாநாடு கொழும்பில் கூடியது. தென்னாபிரிக்க நிறவெறிக்கு எதிராக அங்கே உரத்துப் பேசப்பட்டது. நல்ல காரியம். ஆனால் ஆபிரிக்க மண்ணிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கொழும்பிலிருந்து சில மணித்தியாலப் பயணத்தில் இருந்தார்கள். நிலமோ தொழிலோ அடையாளமோ என்று அவர்களைத் தொடும் கொள்கை ஒன்றும் அந்த மேடையிலிருந்து இறங்கி வரவில்லை. வெளியே பேசும் நீதிக்கும் உள்ளே செய்யும் நீதிக்கும் இருக்கும் இந்தத் தூரம் நம் எல்லா அரசாங்கங்களுக்கும் பழக்கமானது. அதைப் பழக்கமாக விட்டுவிடக் கூடாது.

ஐரோப்பாவில் சிறு அசைவு தெரிகிறது. 2022 டிசம்பர் 19-இல் நெதர்லாந்துப் பிரதமர் மார்க் ருட்டே அடிமை வணிகத்துக்காக மன்னிப்புக் கேட்டார். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் ஆட்சிப் பகுதிகளில், ஆசியாவில், 6,60,000-க்கும் பத்து லட்சத்துக்கு மேலுக்கும் இடைப்பட்ட தொகை மனிதர் விற்கப்பட்டதாக அந்த உரையிலேயே சொன்னார். அன்று அமைச்சர்கள் சூரினாமுக்கும் கரிபியன் தீவுகளுக்கும் போயிருந்தார்கள். கொழும்புக்கு எவரும் வரவில்லை. மறு வருடம் கண்டி மன்னனின் பீரங்கி உட்பட ஆறு அரும்பொருள்களை நெதர்லாந்து இலங்கைக்குத் திருப்பித் தந்தது. மன்னனின் பீரங்கிக்குக் கணக்கு இருந்தது. அடிமையின் கணக்கை எவரும் மேசையில் வைக்கவில்லை, நமது பக்கத்திலிருந்தும் கேட்கவில்லை. 2024 ஏப்ரலில் போர்த்துக்கல் சனாதிபதி மார்செலு ரெபெலு த சோசா தன் நாடு பொறுப்பேற்று ஈடுசெய்ய வேண்டும் என்றார். அப்படி ஒரு திட்டம் இல்லை என்று அந்நாட்டு அரசாங்கம் உடனே சொல்லிவிட்டது. ஆபிரிக்க ஒன்றியம் 2025-ஐ ஈடுசெய்தலின் ஆண்டாக அறிவித்தது. ஆபிரிக்க வம்சாவளியினருக்கான ஐ.நா.வின் இரண்டாவது பத்தாண்டு 2025-இல் தொடங்கி 2034 வரை ஓடுகிறது.

இந்தப் பேச்சுக்கள் எல்லாம் அத்திலாந்திக் பக்கமே சாய்ந்து நிற்கின்றன. இந்து சமுத்திரத்துக்கு ஒரு குரல் வேண்டும். அதை இலங்கை எழுப்பினால் பொருத்தமாக இருக்கும். எழுப்புவதற்கு முன் வீட்டுக்குள் செய்யவேண்டியதும் உண்டு.

அதற்கு அவசரம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது வாவிமுகத்தை ஒட்டிய டச்பாரில் பறங்கிக் குடும்பங்கள் செறிந்து வாழ்ந்தன. பெருந்தொகையானோர் அன்று காலையே போய்விட்டார்கள். பாட்டுத் தெரிந்தவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். யுத்தகாலத்தில் அவுஸ்திரேலியாவுக்குப் போனவர்கள் வேறு. லிஸ்பன் பல்கலைக்கழக மொழியியலாளர் ஹியூகோ கார்டோசோவும் அவரோடு சேர்ந்தவர்களும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் கிரியோலையும் பாட்டையும் ஆட்டத்தையும் ஒலியும் ஒளியுமாகப் பதிந்து காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். அதற்கு நாம் நன்றிசொல்ல வேண்டும். பதிவு வெளிநாட்டில் பத்திரமாக இருப்பது ஒன்று, ஆட்டம் உள்ளூரில் உயிரோடு இருப்பது வேறொன்று.

கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. பரதமும் கர்நாடக இசையும் வடமோடி, தென்மோடிக் கூத்துக்களும் பேசப்படும் இடம். பறங்கி வீட்டு வயலின்காரரையும் ரபான்காரரையும் பட்டச் சான்றிதழ் கேட்காமல் ஆசிரியராக அங்கே அழைக்கலாம். சிறாம்பியடி மாஞ்ஞாக் குழுவை ஒரு தவணை வரவழைத்து இரண்டு அடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாணவருக்குக் காட்டலாம். நெவில் தொகுப்பின் கிரியோல் பக்கங்களின் படி ஒன்றைக் கேட்டு வாங்கி மட்டக்களப்பிலேயே வைக்கலாம். ஆசிரியர்களுக்குச் சம்பளமும், சிறாம்பியடிக் குழுவுக்குப் பயணச் செலவும், தங்க இடமும் வேண்டும். இதற்கான கோரிக்கையைக் கல்வி அமைச்சுக்கு மட்டும் அனுப்பாமல் நெதர்லாந்துத் தூதரகத்துக்கும் போர்த்துக்கலுக்கும் அனுப்பவேண்டும். மொசாம்பிக்குக்கும் ஒரு கடிதம் போகவேண்டும். அதில் பணம் கேட்க வேண்டாம். உங்கள் ஆட்கள் இங்கே இன்ன இன்ன காலத்தில் வந்தார்கள், இன்ன ஆட்டத்தை எங்களுக்குத் தந்தார்கள் என்று எழுதி, ஒரு குழுவை மட்டக்களப்புக்கு அழைத்தால் போதும்.